மண்டபம் முழுக்கக் கேட்ட ‘ஏங்க’

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை எழுதும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. தமிழில் நான் கடைசியாக எழுதிய கட்டுரை, உயர்நிலைப் பள்ளியில் ‘நான் ஒரு குடை’. அதில் குடை மழையில் நனைந்து சளிபிடித்ததாக எழுதியிருந்தேன். ஆசிரியர் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதோடு பேனாவை மூடினேன்.

இப்போது திறப்பதற்குக் காரணம் என் சொந்தக்காரர்கள். என் மகளின் கல்யாண விருந்தில் நடந்ததை அவரவர் இஷ்டத்துக்குச் சொல்லி வருகிறார்கள். ஈசூனில் இருக்கும் மச்சான் சொல்லும் கதையில், நான் மேடை ஏறியதும் கைலி அவிழ்ந்து விழுகிறது. ஜொகூர் சித்தப்பாவின் கதையில் அது காற்றில் பறந்து சம்பந்தியம்மா தலையில் விழுகிறது. (அந்த மண்டபத்தில் ஏர்கான். காற்று ஏது?) உண்மையில் அன்று நான் கோட்டு சூட்டு போட்டிருந்தேன். கைலி மண்டபத்துக்கு வரவே இல்லை. அதன் பேர் மட்டும்தான் வந்தது. அது எப்படி வந்தது என்பதை ஒருதரம் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால் போதும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். கோப்பிக் கடையில் எனக்கு வேண்டியதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, முன்னால் நிற்பவர் வாங்கியதைக் காட்டி “அதே” என்று சொல்லியே பல வருடம் ஓட்டியவன். (ஒருநாள் முன்னால் நின்றவர் எட்டுப் பேருக்கு வாங்கிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.) கல்யாண வீடுகளில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவேன். அங்கே யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் டிஜே வேலை எனக்குப் பிடித்துப்போனது. ஒரு பாட்டின் வாலை இன்னொரு பாட்டின் தலையோடு தாளம் தப்பாமல் முடிச்சுப் போடுவதுதான் மிக்ஸ். அதைவிட என்னைக் கவர்ந்தது ஹெட்போன். அதை மாட்டிக்கொண்டவரை உலகத்தில் யாரும் தொந்தரவு செய்வதில்லை. கூட்டத்தின் நடுவிலேயே நின்றுகொண்டு கூட்டத்துக்கு வெளியே இருக்கலாம். எனக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த தொழில் மாதிரி இருந்தது.

ஹமீத் என்று எனக்கு ஒரு மலாய்க்கார நண்பர். முன்பு என்னோடு கிடங்கில் வேலை பார்த்தவர், இப்போது லிட்டில் இந்தியாவுக்குப் பின்பக்கம் பழைய சவுண்ட் சாமான் கடை வைத்திருக்கிறார். அவரிடம்தான் ஒரு செட் வாங்கினேன். இரண்டு வட்டத் தட்டும் நடுவில் திருகுகளுமாக இருந்த அதைப் பார்த்த என் மனைவி செல்வி, “உங்க அடுப்பு” என்று பேர் வைத்துவிட்டாள். இன்றுவரை அதே பேர்தான். “அடுப்ப அணைச்சிட்டு சாப்பிட வாங்க” என்பாள். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில், ஓய்வு நாட்களில் என் அடுப்பு எரியும். அக்கம்பக்கத்தார் புகார் சொல்லக் கூடாது என்று ஸ்பீக்கரின் மேல் என் பழைய கைலி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தேன். பின்பக்கம் நீளமாகக் கிழிந்து, இனி மனிதன் கட்ட முடியாது என்று செல்வி தீர்ப்புச் சொல்லிய கைலி அது.

இந்த நிலையில் மகள் ஷாமினிக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை பிரகாஷ் கிளமெண்டிப் பக்கத்துப் பையன், தங்கமானவர். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டுக்கு வந்து “தண்ணி குடுங்க” என்று கேட்டால்கூட முன்னுரை, பொருளுரை, முடிவுரையோடு கேட்பார். விருந்தில் பெண்ணின் தகப்பன் ஐந்து நிமிடமாவது பேச வேண்டும், அதுதான் மரியாதை என்று அவர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று “அனைவருக்கும் வணக்கம்” என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஷாமினிதான் காப்பாற்றினாள். அடுத்த முறை இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசியபோது அவளே சம்பந்தியிடம் சொன்னாள்.

“அங்கிள், எங்கப்பாவுக்குப் பேச வராது. ஆனா நானும் பிரகாஷும் உள்ள வரும்போது போடுற மியூசிக் ஃபுல்லா அப்பாதான் பண்ணுவாரு. அதான் அவர் ஸ்பீச்.”

சம்பந்தி ஏற்கனவே ஒரு தொழில்முறை டிஜேயிடம் வாய்வார்த்தை கொடுத்திருந்தாராம். தாடையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சரிம்மா, உனக்காக. மியூசிக் நல்லா இருந்தா அப்பா பேச வேணாம். நல்லா இல்லன்னா மைக் அவர் கையிலதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு மட்டும் அது கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி கேட்டது.

விருந்தன்று நான் வந்தவர்களை வரவேற்க வேண்டும், முன் மேசையில் உட்கார வேண்டும். அதனால் மிக்ஸை வீட்டிலேயே பதிவு செய்து மண்டபத்தில் கொடுத்துவிடுவது என்று முடிவு. ஷாமினியின் பழைய லேப்டாப்பை வாங்கி, அடுப்பிலிருந்து அதற்கு ஒரு ஒயர் இழுத்து, பதிவுப் பொத்தானை அழுத்தினேன். மிக்ஸ் அருமையாக வந்தது. முதலில் நாதஸ்வரம், அதன் அடியில் மெல்ல மெல்லத் தாளம், பிறகு பாட்டு, உச்சத்துக்குப் போனதும் சட்டென்று எல்லாம் நின்று ஒரு நீண்ட மௌனம். அந்த மௌனத்தில்தான் கதவு திறக்கும், மணமக்கள் தெரிவார்கள். அடுத்த நொடி உருமி மேளம். பத்து விநாடி மௌனம் என்று சொல்ல எளிது. அத்தனை பேரை அத்தனை நேரம் மூச்சுப் பிடிக்க வைப்பது என்பது என் பேச்சில் நடக்குமா? என் ஸ்பீச்சின் முக்கியமான இடமே அந்த மௌனம்தான் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பதிவைப் போட்டுக் கேட்டேன். பாட்டு எங்கள் வீட்டில் வாசித்த மாதிரி இல்லை. கீழ்வீட்டுக் குளியலறையில் வாளிக்குள் வாசித்த மாதிரி இருந்தது. மேளம் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் வந்தது. உரத்த இடங்களில் கரகரவென்று ஒரு சத்தம், அப்பளம் நொறுக்குவதுபோல.

வைத்தியத்தை ஆரம்பித்தேன். ஒயரை மாற்றினேன், மாறவில்லை. விலைகூடிய ஒயர் வாங்கிப் போட்டேன், விலைகூடிய வாளியில் கேட்டது. பிளக்கை வேறு இடத்தில் செருகினேன். ஃபிரிட்ஜ் ஓடினால் சத்தத்தில் கோளாறு வரும் என்று கிடங்கில் ஒருவர் சொன்னார், அதை அணைத்தேன். திரும்பப் போட மறந்தேன். அன்று கெட்டுப்போன மீனைப் பற்றிச் செல்வி இன்னும் பேசுகிறாள். கடைசியில் லேப்டாப்பைத் தூக்கி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தேன். சத்தம் கொஞ்சம் நன்றாக வந்தது. ஒயர் வழியாகப் போகிற பாட்டு, லேப்டாப்பை நகர்த்தினால் ஏன் நன்றாக வர வேண்டும்? இந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் கேட்கவில்லை. லேப்டாப்புக்கு அந்த இடம் ராசி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பதிவை ஹமீதுக்கு அனுப்பிவிட்டு போன் போட்டேன். நாங்கள் இருவரும் பேசுவது எப்போதும் மலாயில்தான். அவர் கேட்டுவிட்டு உடனே சொன்னார்.

“கெயின் காசி குராங் லா.”

‘காசி குராங்’ என்றால் குறைத்துவிடு. அடுப்பில் ‘கெயின்’ என்று ஒரு திருகு உண்டு. உள்ளே வரும் சத்தம் எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்பதை அதில்தான் வைக்க வேண்டும். அதை நான் உச்சத்தில் வைத்திருந்தேன், கரகரப்புக்கு அதுதான் காரணம். ஹமீத் சொன்னது அந்தத் திருகை. ஆனால் மலாய் மொழியில் துணிக்கு ‘காயின்’ என்று பேர். பின்னால் எல்ஆர்டி ரயில் ஓடுகிற சத்தத்தில், அதுவும் மலாய்ப் பேச்சின் நடுவில், என் காதில் விழுந்தது காயின். துணியைக் குறைத்துவிடு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவர் என் வீட்டுக்கு வந்து பல மாதம் ஆகிறது. ஸ்பீக்கரின் மேல் கைலி கிடப்பது இவருக்கு எப்படித் தெரியும்? பதிவைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாரே என்று நினைக்க நினைக்க ஆச்சரியம் தாங்கவில்லை. கைலியை உருவினேன். பதிவு செய்து கேட்டேன். வாளி போன மாதிரி இருந்தது! (கரகரப்பு போகவில்லை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.) திரும்ப அழைத்து நன்றி சொன்னேன். எவ்வளவு குறைத்தாய் என்று கேட்டார். முழுவதும் எடுத்துவிட்டேன் என்றேன். முழுவதுமா, பிறகு எப்படிச் சத்தம் வருகிறது என்று குழம்பினார். அதற்கென்ன, இன்னும் நன்றாகவே வருகிறது என்றேன். அப்படியும் மெல்லிய இடங்கள் எடுபடவில்லையென்றால், அவற்றைத் தூக்கி உரத்த இடங்களுக்குச் சமமாக நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது என்று சொல்லி, அது லேப்டாப்பில் எங்கே இருக்கிறது என்பதையும் விளக்கினார். கொஞ்சமாகப் போடு என்றார். நான் முழுவதும் போட்டேன்.

இனி கைலியின் கதை. ஸ்பீக்கரிலிருந்து உருவிய துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கட்டிக்கொண்டே கடைசிப் பதிவைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெக்கை. பின்பக்கக் கிழிசல் ஒருவிதத்தில் சௌகரியமாகத்தான் இருந்தது. ஹெட்போன் ஒரு காதில், மறு காது திறந்து. மிக்ஸ் உச்சத்துக்குப் போய் நின்றது. என் மௌனம் ஆரம்பித்தது. அப்போது கல்யாண அட்டை விஷயமாகப் பிரகாஷ் வாசலில் வந்து நிற்க, செல்வி என்னிடம் என்னமோ சொல்ல, நான் என்னமோ பதில் சொல்லிக்கொண்டே உருமியை இறக்கினேன். ஒயர் வழியாகப் பாட்டு மட்டும்தானே போகிறது? வீட்டில் நாம் பேசுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதிவைச் சரிபார்த்தேனா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்தேன். மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டேன். இடையில் குக்கர் விசில் கேட்டது. எங்கள் வீட்டில் எப்போது கேட்காது? மௌனம் வந்தது. சரியாக அங்கே செல்வி, “ஏங்க” என்றாள். ஹெட்போனைக் கழற்றி, “என்ன?” என்றேன்.

“நா ஒண்ணும் கூப்பிடலையே,” என்றாள் சமையலறையிலிருந்து.

மறுபடி மாட்டுவதற்குள் உருமி அடித்துக்கொண்டிருந்தது. சரி என்று திரும்ப ஓட்டினேன். மௌனம். “ஏங்க.” கழற்றினேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல் கேட்டதும் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிடுவது என் கைக்குப் பழக்கம். அது மூளையைக் கேட்டுக்கொண்டு நடக்கிற காரியம் இல்லை. அடுத்த தடவையும் அப்படியே ஆனதும் செல்வி கரண்டியோடு வந்து என்னைப் பார்த்தாள்.

“கல்யாணம் முடிஞ்சதும் காதைக் கொண்டு போய்க் காட்டுங்க.”

ஆக, பதிவு முழுவதையும் கேட்டு நல்லது என்று முடிவு செய்தேன், அந்தப் பத்து விநாடி தவிர.

விருந்து நாள் வந்தது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு மண்டபம். முன் மேசையில் எனக்கு ஒரு பக்கம் செல்வி, மறுபக்கம் சம்பந்தி. விளக்குகள் மங்கின, என் நாதஸ்வரம் எழுந்தது. தாளம் வந்தது, பாட்டு வந்தது. நடுவில் குக்கர் விசில் வந்தது. அது அதிசயமாகத் தாளத்தில் வந்து விழுந்ததால் இளைஞர்கள் கைதட்டினார்கள். சம்பந்தி என் பக்கம் சாய்ந்து, “விசில் ஐடியா பிரமாதம்” என்றார். நான் தலையாட்டினேன். நான் எங்கே விசில் போட்டேன் என்று பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

பாட்டு உச்சத்துக்குப் போய் நின்றது. கதவு திறந்தது. வாசலில் ஷாமினியும் பிரகாஷும், தங்கநிற ஷெர்வானியும் சிவப்புப் பட்டுமாக. மண்டபமே மூச்சைப் பிடித்தது. அந்த மௌனத்தில், மெல்லிய சத்தத்தையெல்லாம் தூக்கி நிறுத்தும் பொத்தானின் தயவில், கூரையிலிருந்து இறங்கி வருவதுபோல் செல்வியின் குரல் வந்தது.

“ஏங்க.”

மண்டபத்தில் பாதி ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரியாணித் தட்டோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றே விட்டார்.

“மாப்பிள்ளை வந்துட்டாரு. அந்தக் கைலிய மாத்துங்க, பின்னாடி கிழிஞ்சு எல்லாம் தெரியுது.”

பிரகாஷ் பாவம். நடந்து வந்தவர் அப்படியே நின்று, ஷெர்வானியின் பின்பக்கத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டார். அடுத்து என் குரல். வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

“சும்மா இரு செல்வி. அவரு பின்னாடியா வந்து பாக்கப் போறாரு?”

உருமி வெடித்தது. யாருக்கும் அது கேட்கவில்லை. மண்டபம் சிரித்த சிரிப்பு உருமியை அமுக்கிவிட்டது. மேசைகள் குலுங்கின. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லேப்டாப் என் ஒயரை ஒருநாளும் கேட்கவே இல்லை. தனக்கென்று இருக்கிற சின்ன மைக் வழியாக, கூடத்தில் உட்கார்ந்து எங்கள் குடும்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பாட்டும் ஒன்று, குக்கரும் ஒன்று, செல்வியும் ஒன்று.

செல்வி என் பக்கம் திரும்பவில்லை. “உங்க அடுப்புல இனி நா பால் காய்ச்சறேன்” என்று மட்டும் பல்லுக்கிடையில் சொன்னாள்.

மணமக்கள் ஒருவழியாக மேடை ஏறினார்கள். ஷாமினி சிரித்துச் சிரித்துக் கண்மை கலைந்திருந்தது. பிரகாஷ் மட்டும் கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. மேசைகளில் எல்லோரும் எட்டி எட்டி அவருடைய ஷெர்வானியின் பின்புறத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கிழிந்த உடையோடு மாப்பிள்ளையை அனுப்பிவிட்டார்கள் என்று பக்கத்து மேசையில் ஒரு அம்மா வருத்தப்பட்டது என் காதில் விழுந்தது. அவர்கள் ‘கைலி’யைச் சரியாகக் கேட்கவில்லை, ‘மாப்பிள்ளை’யை நன்றாகக் கேட்டிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கை என் கையில் வைத்தார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. தரையில் ஒரு ஓட்டை திறந்தால் கோட்டோடு இறங்கிவிடத் தயாராக இருந்தேன். திறக்கவில்லை. மேடையில் அந்தப் பையன் இன்னும் ஒரு கையோடுதான் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்கு வருகிற பிள்ளை, என்னால் இப்படி நிற்கிறார். எழுந்து நின்றேன். “அனைவருக்கும் வணக்கம்” மறந்துபோனது.

“அது என் கைலிங்க,” என்றேன். “மாப்பிள்ளையோடது நல்லாத்தான் இருக்கு.”

உட்கார்ந்துவிட்டேன். பெண்ணின் தகப்பன் பேச்சு முடிந்தது. பிரகாஷ் அப்போதுதான் இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து எனக்குக் கும்பிடு போட்டார். கைதட்டல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்துப் பேச எழுந்த சம்பந்தி, தம் வாழ்நாளில் முதல் தடவையாக, “இதுக்கு மேல நான் என்ன பேச” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் ஹமீத் என் மேசைக்கு வந்தார். அன்றைக்கே கெயினைக் குறைக்கச் சொன்னேனே, கரகரப்பு அப்படியே இருக்கிறதே என்று கேட்டார். எடுத்துவிட்டேனே, அந்தத் துணிதான் இந்தக் கைலி என்று நான் விளக்கினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“கெயின் லா, புக்கான் காயின்.”

கெயினப்பா, துணி இல்லை. சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் மட்டும் நெடுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

இதுதான் நடந்தது. அவிழவும் இல்லை, பறக்கவும் இல்லை. இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் பிரகாஷ் எனக்கு ஒரு புதுக் கைலி எடுத்து வருகிறார். கொடுப்பதற்கு முன்னால் விரித்து, பின்பக்கத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் யார் மைக்கைப் பிடித்தாலும், பின்வரிசையிலிருந்து யாராவது “ஏங்க” என்பார்கள். ஆண்கள் இன்றும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

விருந்துக்கு மறுநாள் லேப்டாப்பைத் திறந்து, எதன் வழியாகக் கேட்க வேண்டும் என்று குறிக்கும் இடத்தைத் தேடிப் பார்த்தேன். லேப்டாப்பின் மைக் என்று இருந்தது. ஒயர் என்று மாற்றினேன். சத்தம் நன்றாக வந்தது.